அவரைக்காய் விற்கும் அம்மாவும் ஒயிட்ஃபீல்டும்

2006-இல் வேலைக்காகப் பெங்களூருக்கு வந்து ஒயிட்ஃபீல்டில் குடியேறியபோது, இந்த ஊரே கணினி நிறுவனங்களோடு பிறந்தது என்றுதான் நினைத்திருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியவர், காடுகோடிக்குப் போகும் சாலையோரத்தில் மார்கழி மாதம் முழுவதும் சாக்கு விரித்து அவரைக்காய் விற்கும் எழுபது வயது அம்மா ஒருவர். நான் தமிழில் விலை கேட்டதும் முகம் மலர்ந்து, ஒரு காயை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து என் மூக்கருகே நீட்டினார். "மோந்து பாரு தம்பி, பனியில நின்ன காய்க்குத்தான் இந்தச் சொகடு வரும்" என்றார். காயின் தோலில் பிசுபிசுக்கும் எண்ணெய்ப் பசையின் மணத்தைத்தான் இங்கே கன்னடத்தில் சொகடு என்கிறார்கள். வீடு திரும்பிய பிறகும் அது என் விரல்களை விட்டுப் போகவில்லை.

அவருடைய தகப்பனார் திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து கூலி வேலைக்கு வந்தவர். எதிரே நின்ற அடுக்குமாடிக் குடியிருப்பைக் காட்டி, "அந்த ரெண்டாவது கட்டடம் நிக்குற இடத்துல நான் ராகிக்குக் களை எடுத்திருக்கேன்" என்றார். ராகி வரிசைகளுக்கு நடுவே அவரையை ஊடுபயிராக விதைப்பதை அக்கடி என்பார்களாம். கார்த்திகையில் ராகியை அறுத்த பின்பும் அவரைக்கொடி நிலத்திலேயே நின்று, பனியைக் குடித்துக் காய்க்கும் என்று அவர் விளக்கியபோது, இத்தனை ஆண்டுகளாக நான் வாங்கிச் சமைத்த காய்க்கு ஒரு பருவம் உண்டு என்பதே அன்றுதான் எனக்கு உறைத்தது.

அதன் பிறகே ஊரின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். அரசு உத்தியோகத்தையே பெரிதும் நம்பியிருந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் சொந்த நிலத்தில் உழுது வாழட்டும் என்ற நோக்கத்தோடு, மைசூர் மகாராஜா பத்தாம் சாமராஜ உடையார் 1882-இல் ஏறத்தாழ 3,900 ஏக்கர் நிலத்தை அவர்களுடைய சங்கத்துக்கு வழங்கினார். சங்கத்தை நிறுவிய டி. எஸ். ஒயிட்டின் பெயரே ஊருக்கு நிலைத்தது. நடுவில் வட்டமான திடல், அதைச் சுற்றி வீடுகள், வெளியே விளைநிலங்கள் என்பதுதான் அமைப்பு. இன்றும் இன்னர் சர்க்கிள் சாலையில் விடியற்காலை நடந்தால் அந்த வட்டத்தைக் காலாலேயே உணரலாம். பெரிய மரங்களின் நிழலில், பழைய ஓட்டு வீடுகள் ஒன்றிரண்டு எஞ்சியிருக்கின்றன. தொழில்நுட்பப் பூங்கா வந்ததோ 1990-களின் இறுதியில்தான். குடியேற்றத்தின் கதையை எழுதுகிறவர்கள், அதற்கு முன்பிருந்தே இங்கு ராகி விளைவித்த காடுகோடி, வர்த்தூர் விவசாயிகளையும், பின்னர் வந்து அவர்களோடு உழைத்த நம்மவர்களையும் விட்டுவிடுவது எனக்குப் பெரும் வருத்தம்.

*

மேலே எழுதியவரின் அனுபவத்தைப் படித்ததும் எனக்கு நேர்ந்ததையும் சொல்லத் தோன்றியது. வர்த்தூர் ஏரிக்குச் சற்றுத் தள்ளி இருக்கிறது எங்கள் குடியிருப்பு. 2022 செப்டம்பர் மழையில் அடித்தள வாகன நிறுத்தம் முழுவதும் நீரில் மூழ்கியது. எங்களுக்கு வீடு விற்றவர்கள், அருகில் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுபோகும் ராஜகாலுவே இருப்பதைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அந்தக் கால்வாய் ஓடிய தடத்தை எங்களுக்குக் காட்டியவர், ஒரு காலத்தில் அதே நிலத்தில் பயிர் செய்த கன்னட விவசாயி ஒருவர். வரிசையாக நின்ற நான்கு புங்க மரங்களைச் சுட்டி, அவை பழைய கரையில் நின்றவை என்றார்; மரத்தடியில் தோண்டியபோது மதகின் கருங்கல் தட்டுப்பட்டது.

இப்போது ஒவ்வோர் ஆண்டும் வைகாசியில், மழைக்கு முன்பே எங்கள் எல்லைக்குள் இருக்கும் கால்வாயைத் தூர்வாருகிறோம். எங்கே தொடங்க வேண்டும் என்பதை அவரே வந்து, கைத்தடியால் மண்ணில் கோடு கிழித்துக் காட்டுகிறார்.