மாகாண சபை இல்லாத காலத்தில் மாகாணச் செலவுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார்?

பனையடி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் இலங்கையின் வட மாகாணத்தில் ஒரு கிராமத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியன். எங்கள் ஊர்ப் பிரதேச வைத்தியசாலையில் பெண் நோயாளர் விடுதிக்காக 2021இல் ஒரு கட்டடம் தொடங்கப்பட்டது. சுவர் எழும்பி, கூரை போட வேண்டிய கட்டத்தில், 2022இல் வேலை நின்றுபோனது. இன்று அந்தச் சுவர்களுக்குள் ஆளுயரத்துக்குப் பற்றை வளர்ந்திருக்கிறது. பழைய விடுதியில் இடம் போதாமல், வயதான பெண்கள் தாழ்வாரத்தில் கட்டில் போட்டுப் படுத்திருப்பதை நான் கண்ணால் பார்த்தேன்.

வைத்தியசாலையில் கேட்டபோது மேலிடத்தில் கேட்கச் சொன்னார்கள். மேலிடத்தில் கேட்டபோது மாகாணத்தில் கேட்கச் சொன்னார்கள். மாகாண அலுவலகம் ஒன்றில் அரைநாள் காத்திருந்த பின்னர், "கொழும்பிலிருந்து காசு வரவில்லை" என்ற ஒரு வரிப் பதிலே கிடைத்தது. அதை எழுத்தில் தரும்படி கேட்டேன்; தரவில்லை.

வட மாகாண சபையின் பதவிக்காலம் முடிந்த 2018 ஒக்டோபர் வரை, குறைநிறை எப்படியிருந்தாலும், எங்கள் பகுதி மாகாண சபை உறுப்பினரைச் சந்தித்து, சபை கூடும் கைதடியில் இதைக் கேளுங்கள் என்று சொல்ல ஒரு வழி இருந்தது. இப்போது முதலமைச்சரும் இல்லை, அமைச்சர்களும் இல்லை, உறுப்பினர்களும் இல்லை. ஆனால் மாகாணத்தின் பாடசாலைகளும், வைத்தியசாலைகளும், சமூக சேவை, சிறுவர் நன்னடத்தைத் திணைக்களங்களும் ஒவ்வோர் ஆண்டும் பணத்தைச் செலவிட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. இந்தச் செலவுக்கு யாருக்கு யார் பதில் சொல்கிறார்கள்? ஒரு சாதாரணக் குடிமகன் எங்கே, எதைக் கேட்டால் சரியான பதில் கிடைக்கும்? அனுபவமுள்ளவர்கள் சொல்லித்தர வேண்டுகிறேன்.

கணக்கர் எழுதியது:

ஐயாவுக்கு வணக்கம். மாகாணத் திணைக்களம் ஒன்றின் கணக்குக் கிளையில் நெடுங்காலம் வேலை செய்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்களுக்குக் கிடைத்த பதிலைப் பொய்யென்று ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அந்தப் பதிலோடு வீடு திரும்பவும் கூடாது.

மாகாணத்துக்குச் சொந்த வருமானம் மிகக் குறைவு. வாகன வரி அனுமதிப்பத்திரக் கட்டணம், முத்திரைத் தீர்வை, நீதிமன்றத் தண்டப்பணம் போன்றவைதான் முக்கியமானவை. மாகாணங்கள் முன்னர் தாமாக அறவிட்ட புரள்வு வரியும் 2011 முதல் இல்லாமற் போனது. எனவே பெரும்பகுதிப் பணம் மத்தியிலிருந்து கொடையாகவே வருகிறது. அரசியலமைப்பின் 154ஆர் உறுப்புரையின்படி அமைந்த நிதி ஆணைக்குழு எந்த மாகாணத்துக்கு எவ்வளவு என்று விதந்துரைக்கிறது. சனத்தொகை, தலா வருமானம், மாகாணங்களுக்கிடையிலான சமூக, பொருளாதார ஏற்றத்தாழ்வைப் படிப்படியாகக் குறைக்க வேண்டிய தேவை ஆகியவற்றை அது கருத்தில் எடுக்க வேண்டும் என்று அந்த உறுப்புரையே சொல்கிறது. போரால் அழிந்த ஒரு மாகாணத்தின் வைத்தியசாலைக்குக் கேட்பதற்கு இதைவிட வலுவான சொற்கள் தேவையில்லை.

அந்தக் கொடை மூன்று பைகளில் வருகிறது. தொகுதிக்கொடை, ஆசிரியர், சுகாதார ஊழியர் முதலியோரின் சம்பளத்துக்கும் அன்றாட நடைமுறைச் செலவுக்கும் உரியது. பிரமாண அடிப்படையிலான கொடை, மாகாணம் தன் விருப்புரிமைப்படி சிறு மூலதன வேலைகளுக்குப் பயன்படுத்துவது. மூன்றாவது, நாங்கள் அலுவலகத்தில் 'பிஎஸ்டிஜி' என்று சொல்லும் மாகாணத்துக்கான குறித்த அபிவிருத்திக் கொடை. வைத்தியசாலை விடுதி, வகுப்பறைக் கட்டடம், மாகாண வீதி எல்லாம் பெரும்பாலும் இதிலிருந்துதான் நடைபெறும். உங்கள் கட்டடம் எந்தப் பையிலிருந்து தொடங்கப்பட்டது என்பதுதான் முதலில் தெரிய வேண்டிய விடயம். வெளிநாட்டுக் கடன் திட்டமாகவோ மத்திய அமைச்சின் திட்டமாகவோ இருந்தால், நீங்கள் தவறான கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள்.

அடுத்தது, ஒதுக்கீடு வேறு, கட்டுநிதி வேறு, செலவு வேறு. வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு தொகை எழுதப்பட்டிருப்பது ஒதுக்கீடு. அந்தத் தொகையைத் திறைசேரி காசாக விடுவிப்பது கட்டுநிதி. இவை இரண்டும் ஒரே அளவாக இருப்பது அரிது. கட்டுநிதி ஆண்டின் பிற்பகுதியில் பிந்தி வரும்போது ஒப்பந்தகாரரின் கொடுப்பனவுப் பட்டியல்கள் (பில்கள்) அடுத்த ஆண்டுக்குத் தள்ளப்படுகின்றன. அடுத்த ஆண்டுப் பணத்தின் ஒரு பங்கு பழைய பட்டியல்களுக்கே போய்விடுகிறது. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவை நிறுத்திய பின்னர் சீமெந்தும் கம்பியும் விலையேறியதில், பழைய விலைக்கு ஒப்பந்தம் எடுத்தவர்கள் வேலையை விட்டுப் போனதை நான் நேரில் கண்டேன். ஆகவே 2022இல் நின்றதற்கு ஒரு நியாயம் இருக்கக்கூடும். அதன் பின்னர் ஒவ்வோர் ஆண்டும் பிஎஸ்டிஜி நிரலில் தொடர் வேலையாக உங்கள் கட்டடம் ஏன் சேர்க்கப்படவில்லை, அதற்குப் பதிலாக எவை சேர்க்கப்பட்டன என்பதற்குக் கொழும்பு பொறுப்பல்ல. அந்த நிரலுக்கான முன்மொழிவைத் தயாரிப்பது மாகாணம். அரைகுறைக் கட்டடம் நிற்கும்போது புதிய அத்திவாரம் போடத் தீர்மானித்தவர் எவர் என்ற கேள்விக்கு ஒரு கோப்பில் கட்டாயம் விடை இருக்கும்.

யார் யாருக்குப் பதில் சொல்கிறார்கள் என்று கேட்டீர்கள். அமைச்சின் செயலாளர் கணக்குக்குப் பொறுப்பானவர். அவருக்கு மேல் பிரதம செயலாளர். சபை இல்லாத காலத்தில் மாகாண நிதியிலிருந்து செலவை அங்கீகரிப்பவர் ஆளுநர். ஆளுநரை நியமிப்பவர் சனாதிபதி. சபை இருந்திருந்தால், மொத்த உறுப்பினரில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆளுநரை நீக்கும்படி சனாதிபதியிடம் கோரவாவது அரசியலமைப்பில் இடமுண்டு. இன்று இந்தச் சங்கிலியில் மக்கள் தெரிவு செய்த ஒருவரும் இல்லை. நல்ல ஆளுநர் வந்தால் வேலை நடக்கலாம்; ஆனால் நல்லவராக இருக்கும்படி அவரைக் கட்டாயப்படுத்தும் எவரும் மாகாணத்துக்குள் இல்லை.

வன்னிமகள் எழுதியது:

கணக்கர் ஐயாவின் விளக்கத்துக்கு நன்றி. நான் கிளிநொச்சிப் பக்கம் மகளிர் அமைப்புகளுடன் வேலை செய்பவள். எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. சபை இருந்த காலத்தை நாம் கொஞ்சம் கூடுதலாகவே நல்லதாக நினைவு கொள்கிறோம்.

2013 செப்டெம்பர் தேர்தலில் மொத்தம் 38 ஆசனங்களில் 30ஐ மக்கள் ஒரே அணிக்குக் கொடுத்தார்கள். அவ்வளவு பலமுள்ள ஒரு சபை ஐந்து ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான தீர்மானங்களை நிறைவேற்றியது. ஆனால் ஒரு திணைக்களத்தின் ஆண்டுச் செலவை வரிவரியாக எடுத்துக் கேள்வி கேட்ட அமர்வுகள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் எனக்கு மனம் வெம்புகிறது. முதலமைச்சர் நிதியத்துக்கான நியதிச்சட்டத்துக்கு, அதாவது மாகாண சபை இயற்றும் சட்டத்துக்கு, ஆளுநர் சம்மதம் தராமல் இழுத்தடித்தது உண்மை. அதற்காகக் குரல் கொடுத்ததும் சரியே. ஆனால் கையில் இருந்த பணத்தைக் கணக்குப் பார்ப்பதற்கு எந்த ஆளுநரின் சம்மதமும் தேவைப்படவில்லை. 2017இல் முதலமைச்சரே நியமித்த விசாரணைக் குழுவின் அறிக்கைக்குப் பின்னர் இரு அமைச்சர்களைப் பதவி விலகும்படி அவர் கேட்டார். வேறெந்த மாகாணத்திலும் எளிதில் நடவாத காரியம் அது. ஆயினும் சில நாட்களுக்குள் நம்பிக்கையில்லாப் பிரேரணை, கட்சிப் பிணக்கு என்று பேச்சுத் திசைமாறி, அறிக்கை எழுப்பிய நிர்வாகக் கேள்விகள் பின்னுக்குப் போய்விட்டன.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கட்டடம் நின்றுபோனால் பற்றை வளர்ந்து கண்ணுக்குத் தெரிகிறது. சேவை நின்றுபோனால் தெரிவதில்லை. மாற்றுத்திறனாளிப் பிள்ளையை வைத்திருக்கும் ஒரு தாய் மாகாணச் சமூக சேவைத் திணைக்களத்துக்கு விண்ணப்பித்துவிட்டு நிரலில் காத்திருப்பது எந்தப் பெயர்ப்பலகையிலும் எழுதப்படுவதில்லை. பொதுசன மாதாந்த உதவிக் கொடுப்பனவு மாகாணத்தின் பொறுப்பு; 2023இல் தொடங்கிய அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு மத்தியின் பொறுப்பு. மக்களுக்கு இரண்டும் பிரதேச செயலகத்து ஒரே மேசையில் இருந்து வருவதாகத்தான் தெரிகிறது. ஆகவே ஒன்று கிடைக்காதபோது யாரைக் குற்றம் சொல்வது என்பதே அவர்களுக்குத் தெரியாமல் போகிறது. பனையடி ஐயா, உங்கள் கேள்வியில் கட்டடத்தோடு அந்த விடுதிக்கு எத்தனை தாதியர் பதவிகள் அங்கீகரிக்கப்பட்டுள்ளன, எத்தனை வெற்றிடமாக உள்ளன என்பதையும் சேருங்கள். கட்டடத்தைத் திறந்துவிட்டு ஆளணி இல்லாமல் பூட்டி வைத்த இடங்களும் நமக்குத் தெரியும்.

வழக்குரைஞர்_வடக்கு எழுதியது:

சட்டப் பக்கத்தில் சில குறிப்புகளை மட்டும் சேர்க்கிறேன்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் மாகாண அமைச்சுகளையும் திணைக்களங்களையும் கட்டுப்படுத்துகிறது. தகவல் கேட்பவர் காரணம் சொல்ல வேண்டியதில்லை. கோரிக்கை கிடைத்ததற்கான எழுத்து மூல ஏற்பைத் தகவல் அலுவலர் தர வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று அவர் தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அவர் மூன்று வாரங்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதிலும் திருப்தியில்லையென்றால் இரண்டு மாதங்களுக்குள் தகவலறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம். வாய்மொழியாகக் கேட்டு அரைநாள் காத்திருந்த நேரத்தில் இந்தக் காலக்கணக்கைத் தொடங்கியிருக்கலாம் என்பதுதான் என் வருத்தம். அதே சட்டத்தின் 9ஆம் பிரிவு 5 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட உள்நாட்டு நிதித் திட்டங்களைத் தொடங்குவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பே பொதுமக்களுக்குத் தெரிவிக்கும் கடமையை அமைச்சர் மீது சுமத்துகிறது. மாகாணத்தில் அமைச்சரே இல்லாத நிலையில் அந்தக் கடமையை யார் நிறைவேற்றுகிறார் என்பதையும் ஒரு கேள்வியாகவே கேட்கலாம்.

கணக்காய்வாளர் தலைமையதிபதி மாகாணக் கணக்குகளைக் கணக்காய்வு செய்கிறார். அந்த அறிக்கையை ஆளுநர் மாகாண சபையின் முன் வைக்க வேண்டும் என்பதே மாகாண சபைகள் சட்டத்தின் ஏற்பாடு. சபை இல்லாததால், அந்த அறிக்கைகளைப் பற்றி மாகாணத்துக்குள் விவாதிக்க இடமில்லை. பாராளுமன்றத்தின் அரசாங்கக் கணக்குகள் பற்றிய குழு, அதாவது கோபா, மாகாண சபைகளையும் அழைத்து விசாரிக்கலாம். நிதி ஆணைக்குழுவின் விதந்துரைகளும் பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்பட வேண்டியவை. வடக்கின் பாராளுமன்ற உறுப்பினர்கள் இந்த இரண்டு வழிகளிலும் கேள்வி கேட்கலாம். மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவிலும் கேட்கலாம். அவர்களுக்கு ஆவணத்தோடு எழுதுங்கள்.

தேர்தல் ஏன் நடக்கவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. 2017இல் தேர்தல் முறையை மாற்றிச் சட்டம் இயற்றினார்கள். புதிய முறைக்கான எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றத்துக்கு வந்தபோது அதை ஆதரித்து ஒருவர்கூட வாக்களிக்கவில்லை. பழைய முறை நீக்கப்பட்டுவிட்டது, புதிய முறை நிறைவேறவில்லை. பின்னர் எல்லா மாகாணங்களும் ஆளுநர்களின் கையில் விடப்பட்டன. வடக்குக்கு மட்டும் நேர்ந்த அநீதி அல்ல இது. ஒன்பது மாகாணத்து மக்களும் சேர்ந்து கேட்க வேண்டியது.

பனையடி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. வன்னிமகள் சொன்னது என்னைச் சுட்டது. சபை இருந்தபோது எங்கள் உறுப்பினரிடம் நானும் கோயில் வீதிக்கு விளக்குத்தான் கேட்டேன். வைத்தியசாலையின் செலவுக் கணக்கை ஒருநாளும் கேட்கவில்லை.

பின்வருமாறு எழுதியிருக்கிறேன், திருத்தம் இருந்தால் சொல்லுங்கள். "எமது பிரதேச வைத்தியசாலையில் 2021இல் தொடங்கப்பட்ட பெண் நோயாளர் விடுதிக் கட்டடத்தின் நிதி மூலம், மொத்த மதிப்பீட்டுத் தொகை, ஒப்பந்தத்தின் பிரதி, 2021 முதல் இன்றுவரை ஆண்டுவாரியாக ஒதுக்கப்பட்ட தொகை, விடுவிக்கப்பட்ட கட்டுநிதி, செலுத்தப்பட்ட தொகை, 2023 முதல் சுகாதாரத் துறைக்கு மாகாணம் முன்மொழிந்த பிஎஸ்டிஜி வேலைகளின் நிரல், இவ்வைத்தியசாலையின் அங்கீகரிக்கப்பட்ட தாதியர் ஆளணியும் தற்போதைய வெற்றிடங்களும், இக்கட்டடம் தொடர்பாக எழுப்பப்பட்ட கணக்காய்வு ஐயவினாக்களும் அவற்றுக்கு அளிக்கப்பட்ட பதில்களும்."

கணக்கர் எழுதியது:

நன்றாக இருக்கிறது, ஐயா. ஒரேயொரு திருத்தம். 'முன்மொழிந்த நிரல்' என்பதோடு 'அங்கீகரிக்கப்பட்ட நிரல்' என்பதையும் தனியாகக் கேளுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் உங்கள் கட்டடத்தை வெட்டியது கைதடியா கொழும்பா என்று தெரியும். ஆளணி பற்றிய கேள்வியைத் தனிக் கடிதமாக எழுதுங்கள். ஒரே கடிதத்தில் இருந்தால் அதற்குத் தகவல் திரட்ட வேண்டும் என்று சொல்லி மற்றதையும் பிந்த வைப்பார்கள். பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள்.