எல்87 'பேர்ல் ஒயிட்': பழைய பீட்டிலுக்கு அதன் பழைய நிறமே வேண்டும் என்றால்

வோக்ஸ்வாகன் பீட்டிலின் நிறக் குறியீடுகள் 'எல்' என்று தொடங்கும். எல்41 கருப்பு, எல்456 ரூபி சிவப்பு, எல்390 கல்ஃப் நீலம். ஆள் சறுக்குவது எல்87-இல்தான். பெயர் 'பேர்ல் ஒயிட்' என்பதால், பெயரை மட்டும் சொன்னால் கடையில் மைக்கா (மினுங்கும் கனிமத் தூள்) கலந்த மினுமினுப்பு வெள்ளையைக் கலக்கிக் கொடுத்துவிடுவார்கள். 60-களின் எல்87-இல் மினுமினுப்பே கிடையாது. லேசாகக் கிரீம் பக்கம் சாய்ந்த சாலிட், அதாவது மினுக்குத் தூள் இல்லாத, வெள்ளை அது. கடைக்காரரிடம் துண்டுச் சீட்டில் குறியீட்டையும் வருடத்தையும் எழுதிக் கொடுங்கள், பெயரைச் சொல்லவே சொல்லாதீர்கள்.

*

குறியீடு கிடைத்தாலும் கடை ஃபார்முலாவை அப்படியே நம்ப வேண்டாம் சார், வண்டியிலிருந்தே மாதிரி எடுங்கள். வெயில் படாத இடங்கள்: மட்கார்டுக்கும் பாடிக்கும் நடுவே பீடிங் (இடைவெளியை மூடும் பட்டை) மறைக்கும் விளிம்பு, கிளவ் பாக்ஸ் அட்டைக்குப் பின்புறம், பின்சீட்டுக்கு அடியில். 2000 நம்பர் வாட்டர் பேப்பரை (மிக நைசான உப்புத்தாள்) நனைத்து மெதுவாகத் தேயுங்கள். நடுவில் ரீபெயின்ட் ஆகியிருந்தால் வளையம் வளையமாக அடுக்குகள் தெரியும். பிரைமரை (அடிப்பூச்சு) ஒட்டியிருக்கும் வளையம்தான் தொழிற்சாலை நிறம். காம்பவுண்ட் (பாலிஷ் பசை) போட்டு, மெழுகைத் துடைத்த பிறகே நிறத்தைப் படிக்கும் ஸ்கேனரை வையுங்கள். மேலே வெளுத்த படலம் இருந்தால் மெஷின் அதைத்தான் படிக்கும்.

*

மேலே சொன்னதோடு ஒன்று: வெள்ளைக்கு மட்டும் இருட்டு எதிரி. பழைய அல்கைடு எனாமல் (எண்ணெய் கலந்த பிசின் பெயின்ட்) வெளிச்சம் படாமல் கிடந்தால் மஞ்சளாகும். மறைவிடத்து மாதிரியை அப்படியே ஸ்கேன் செய்தால் வண்டி முழுக்க மோர்க்குழம்பு நிறம்தான். கழற்றக்கூடிய துண்டு என்றால் சில நாள் வெயிலில் வைத்துவிட்டுப் படியுங்கள், மஞ்சள் ஓரளவு தெளியும். நீலம், சிவப்புக்கு இந்தத் தொல்லை குறைவு.

*

டப்பாவில் பார்த்து ஒப்பிடுவது வீண் வேலை. சாலிட் நிறம் காய்ந்ததும் ஒரு சாயல் கருக்கும். 100 கிராம் மட்டும் கலந்து, கருப்பு-வெள்ளைக் கட்டம் போட்ட அட்டையில் கருப்பு மறையும்வரை அடியுங்கள். முழுதாகக் காய்ந்த பின் காலை நிழலில் பாருங்கள், அப்புறம் டியூப்லைட்டில் பாருங்கள். ஒன்றில் பொருந்தி மற்றதில் பிரிந்தால் டின்ட்டர் (கலக்கும் நிறச் சாயம்) வேறு. சிவப்பில் இது அடிக்கடி நடக்கும், அந்தக் காலத்து ஈயப் பிக்மென்ட் இப்போதைய கலவையில் இல்லை. கருப்பு டின்ட்டர் சேர்ப்பதென்றால் 0.1 கிராம் காட்டும் தராசு வேண்டும், சொட்டுக் கணக்கு உதவாது.

பிரைமர் நிறத்தையும் அட்டையிலேயே தீர்மானியுங்கள். அடர் சாம்பல் பிரைமர் மேல் மெல்லிசாக அடித்த எல்87 அழுக்காகத் தெரியும்.

*

நிறத்துக்கு மேல் கிளியர் கோட் (நிறமற்ற பளபளப்புப் பூச்சு) போடலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். தொழிற்சாலையில் அடித்தது ஒற்றை அடுக்கு. கிளியர் ஏறினால் நிறம் சரியாக இருந்தாலும் கண்ணாடிபோல் ஆழம் வந்து புது வண்டிக் களை தட்டும். சிங்கிள் ஸ்டேஜ் 2கே (ஹார்ட்னர் எனும் இறுக்கும் திரவம் கலந்து அடிக்கும் ஒற்றை அடுக்குப் பெயின்ட்) போதும். உள்பக்கமும் சேர்த்து சுமார் 4 லிட்டர் பிடிக்கும், அதை ஒரே தடவையில் கலக்கி வாங்குங்கள். இரண்டாவது டப்பா முதல் டப்பாவோடு ஒத்துப்போவது அபூர்வம். கால் லிட்டரை ஹார்ட்னர் சேர்க்காமல் இறுக மூடி வைத்துவிடுங்கள், மட்கார்டு எப்போதாவது உரசாமல் இருக்காது.