தர்மபுரி, கிருஷ்ணகிரி பின்கோடு இரண்டிலும் 17 வருவது எப்படி?

தகடூர்வாசி:
வங்கித் தேர்வுக்குப் படிக்கிறேன், கண்ணில் படுகிற எண்ணையெல்லாம் காரணிப்படுத்துவது வியாதியாகவே ஆகிவிட்டது. எங்கள் ஊர் தர்மபுரியின் பின்கோடு 636701. இலக்கக் கூட்டல் 23, அதனால் 3 போகாது, பார்த்தால் பகா எண் மாதிரிதான் இருந்தது. ஆனால் அது 13 × 17 × 43 × 67. அத்தை ஊரான கிருஷ்ணகிரி 635001, அது 3 × 17 × 12451 (இந்த 12451 பகா எண்). இரண்டிலும் 17! 2004 வரை ஒரே மாவட்டம் என்பதால் ஏதாவது கணக்கு வைத்துக் கொடுத்தார்களா? அப்புறம், 13, 17 எல்லாம் கால்குலேட்டர் இல்லாமல் எப்படிப் பிடிப்பது?

மீதி_சுழி:
கணக்கும் இல்லை, ஒன்றும் இல்லை. பெரியதிலிருந்து சின்னதைக் கழியுங்கள், 1700 வரும். அது 17 × 100, ஆக ஒன்று 17-ஆல் வகுபட்டால் மற்றதும் வகுபட்டே தீரும். மாவட்டம்தான் காரணம் என்றால் ஓசூர் என்ன பாவம் செய்தது? 635109-ஐ 17-ஆல் வகுத்தால் மீதி 6.

காவேரிப்பட்டணத்தான்:
13-க்கு வழி இருக்கிறது தம்பி. 1001 = 7 × 11 × 13. எண்ணை மும்மூன்று இலக்கமாக வெட்டிக் கழித்தால் 701 − 636 = 65, இதில் 13 மட்டும் போகும், 7-ம் 11-ம் போகாது, மூன்றுக்கும் ஒரே கழித்தலில் விடை. 17-க்குக் கடைசி இலக்கத்தை 5-ஆல் பெருக்கி, மிச்சமுள்ள எண்ணில் கழித்துக்கொண்டே போக வேண்டும்: 63670 − 5 = 63665, 6366 − 25 = 6341, 634 − 5 = 629, 62 − 45 = 17. 51 என்பது 17-ன் மடங்கு, அதனால்தான் இது பலிக்கிறது.

பகா_பைத்தியம்:
636701-க்கு ஃபெர்மா முறையும் (எண்ணை இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுதிக் காரணி பிடிப்பது) அழகாக வரும். அதைவிடப் பெரிய முதல் வர்க்கம் 798². அதில் இதைக் கழித்தால் 103, வர்க்கம் இல்லை. 799²-ல் 1700 (மறுபடியும்!), 800²-ல் 3299, இரண்டும் வர்க்கம் இல்லை. 801²-ல் 4900, அதாவது 70². முடிந்தது: (801 − 70)(801 + 70) = 731 × 871. அதை உடைத்தால் 17 × 43, 13 × 67. காரணிகள் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால்தான் இவ்வளவு சீக்கிரம். கிருஷ்ணகிரிக்கு இதைச் செய்தால் தொலைந்தீர்கள், 51 × 12451 கிடைக்க 6251² வரை ஏற வேண்டும், ஐயாயிரம் படிக்கு மேல். இரண்டு பெரிய பகா எண்களின் பெருக்கலை வைத்து ரகசியம் காக்கும் ஆர்எஸ்ஏ மறையாக்கத்தில் அருகருகே உள்ள இரண்டு பகா எண்களை எடுக்கக் கூடாது என்பதும் இதனால்தான்.

தகடூர்வாசி:
அருமை! அப்படியானால் இரண்டையும் ஒட்டி 636701635001 என்று எழுதினாலும் 17 போகுமா?

மீதி_சுழி:
போகும். முதல் எண்ணைப் பத்து லட்சத்தால் பெருக்கி இரண்டாவதைக் கூட்டியதுதானே அது, இரண்டு துண்டிலும் 17 இருக்கிறது. மாற்றி ஒட்டினாலும் அதே. நீங்கள் ஒட்டிய எண்ணுக்கு ஈவு 37453037353. ஆனால் தர்மபுரியின் 13 இதில் ஒட்டாது, கிருஷ்ணகிரியில் அது இல்லையே.