பார்க்கிலும் கடற்கரையிலும் வெயில் வைத்தியர்களிடம் மாட்டியவர்கள் சொல்லுங்கள்

கல்மண்டபம்காரன்:
திருவொற்றியூரில் கடல் அரிக்காமல் இருக்கக் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள் இல்லையா, அங்கேதான். காலை ஆறரை மணி. ஒரு கூட்டம் சட்டையைக் கழற்றிவிட்டுக் கிழக்கே பார்த்து மல்லாந்திருக்கிறது. நடுவில் ஒருவர், "தொப்புள் வழியாத்தான் வைட்டமின் டி உள்ள போவும். மணல்ல படுத்தா பூமி இஸ்துக்கும், கல்லுல படுத்தா திருப்பிக் குடுக்கும்" என்கிறார். என் பக்கத்துப் பெரியவர் தொப்புளில் நல்லெண்ணெய் விட்டுக்கொண்டு மூச்சைக்கூட மெதுவாக விடுகிறார். எண்ணெய் வழிந்து வேட்டிக் கட்டுக்குள் இறங்குகிறது, துடைக்கவில்லை. துடைத்தால் அன்றைய வைட்டமின் போச்சாம். இன்னும் அந்த எண்ணெய்க் கோடு கண்ணிலேயே நிற்கிறது.

பழைய வண்ணை அக்கா:
எங்கள் பார்க்கில் பெஞ்சுக்கே நோய் ஒதுக்கிவிட்டார்கள். யாரோ சாக்பீஸால் 'சுகர்', 'மூட்டு', 'தைராய்டு' என்று எழுதிவைத்திருக்கிறார். வெயில் விழும் கோணத்தைக் கணக்குப் போட்டாராம். சும்மா கால் வலிக்கிறதே என்று உட்கார்ந்தேன். ஒரு அம்மா வந்து, "உனக்கு சுகர் இருக்கா? இல்லன்னா எந்திரி, வெயில் வேஸ்ட்டா போவுது" என்றார். நானும் எழுந்துவிட்டேன்!

ராயபுரம் நைனா:
எல்லாவற்றையும் கிண்டல் செய்யாதீர்கள். வெயில் வைத்தியத்துக்கு நோபல் பரிசே கொடுத்திருக்கிறார்கள், 1903இல், ஃபின்சன் என்பவருக்கு. நம் தாத்தாக்கள் இளவெயிலில் நின்றார்கள், எலும்பு இரும்பாக இருந்தது. கல்மண்டபம் தம்பி ஏசியில் உட்கார்ந்து எழுதுகிறார் போல.

லேப் வேலை, தண்டையார்பேட்டை:
நைனா, ஃபின்சன் கதையைப் பாதியில் விட்டுவிட்டீர்கள். அவர் பார்த்தது தோலில் வரும் காசநோய்க்கு. அதுவும் பெரும்பாலும் ஆர்க் விளக்கின் வெளிச்சத்தைக் குவித்து, கல்லில் படுக்கவைத்து அல்ல. என் கதை சின்னது: எங்கள் லேபுக்கு வந்த ஒருவர் ரத்தம் எடுக்கும்போது, "ஜன்னல் பக்கம் உக்காந்து எடுத்தா டி ஏறிக் காட்டுமா?" என்று கேட்டார். அவ்வளவுதான்.

ஆனால் கேட்டுக்கொள்ளுங்கள். தோலில் இருக்கும் ஒருவகைக் கொழுப்புப் பொருளின் மேல் புற ஊதா பி கதிர் பட்டால்தான் வைட்டமின் டி உருவாகத் தொடங்கும். தொப்புளுக்குத் தனி வாசல் கிடையாது. தோலுக்குள்ளே உருவாவதால் துடைத்தாலும் குளித்தாலும் போகாது. ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும், ஆகவே வீட்டுக்குள் உட்கார்ந்து வெயில் காய்ந்தால் சூடுதான் மிச்சம். காலை ஆறரைக்கு சூரியன் தாழ இருப்பதால் அந்தக் கதிர் காற்று மண்டலத்திலேயே பெரும்பாலும் வடிகட்டிப் போய்விடும். உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கும் நேரம்தான் கணக்கு. கறுத்த தோலுக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும். அதற்காக ஏப்ரல் கடைசியில் மதியம் போய் நிற்காதீர்கள், அப்போது சூரியன் நம் சென்னைக்கு நேர் உச்சியில் இருக்கும், மயக்கம் போட்டு விழுவீர்கள். அப்புறம், மஞ்சள் காமாலை வந்த பச்சைக் குழந்தையை மொட்டை மாடியில் காட்டாதீர்கள். ஆஸ்பத்திரியில் நீல விளக்கு வைப்பதற்குக் காரணம் இருக்கிறது.

எண்ணூர் ரோடு:
சிரிக்கிற கதை இல்லை என்னுடையது. காசிமேட்டுப் பக்கம் ஒரு 'குரு' சொல்லி என் சித்தப்பா சூரியனை வெறும் கண்ணால் பார்த்தார். கண் வழியாகச் சாப்பாடு இறங்குமாம், பசிக்காதாம். "வலியே இல்லடா, அப்ப நல்லதுதானே" என்பார். விழித்திரைக்கு வலி தெரியாது என்று பிறகு கண் டாக்டர்தான் சொன்னார். இப்போது பேப்பர் படிக்கும்போது அவர் பார்க்கிற எழுத்து மட்டும் காணாமல் போகிறது, சுற்றி இருப்பதெல்லாம் தெரிகிறது. தலைப்பைப் படிக்கக் கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கிறார். அந்த ஆள் இன்னும் அங்கே வருகிறார்.

பழைய வண்ணை அக்கா:
ஐயோ. அந்த ஆளைப் பற்றிப் போலீசில் சொல்லலாமே?

எண்ணூர் ரோடு:
சித்தப்பா விடமாட்டேன் என்கிறார் அக்கா. தான் சரியாகக் கண்ணைத் திறக்காததுதான் காரணமாம்.

ராயபுரம் நைனா:
அது தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் லேப் தம்பி, நிழல் குட்டையாகும் நேரத்தில் நான் மீன் மார்க்கெட்டில் தராசு பிடிக்கணுமா, வெயிலில் நிற்கணுமா?

லேப் வேலை, தண்டையார்பேட்டை:
கூரைக்கு வெளியே வந்து தராசு பிடியுங்கள் நைனா. முழுக்கைச் சட்டையை மட்டும் மடித்துவிடுங்கள்.