ஹெல்சிங்கி – டோக்கியோ: 7,800 கி.மீ. பறக்க 13 மணி நேரமா? (உதவி தேவை)

கீழ்வானம்: வணக்கம். ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு வான்வழித் தூரம் ஏறத்தாழ 7,800 கி.மீ. மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் ஒன்பது மணி நேரத்துக்குள் முடிய வேண்டிய பயணத்துக்கு, டிக்கெட்டில் 13 மணி நேரத்துக்கு மேல் போட்டிருக்கிறார்கள். நடுவில் எங்காவது இறக்குவார்களா? உடன் வரும் அம்மாவுக்கு முழங்கால் வலி. நெடுநேரம் உட்கார முடியாது. விரைவில் சொல்லுங்கள்.

நெய்தல்: எந்த மாதம்? புறப்படும் நேரமும் சேரும் நேரமும் என்ன? இரு நகரங்களுக்கும் கோடையில் ஆறு மணி, குளிர்காலத்தில் ஏழு மணி நேர வித்தியாசம் உண்டு. அதைக் கழித்த பிறகுதான் 13 வருகிறதா?

மலைச்சாரல்: எந்த நாட்டு விமானம் என்றும் சொல்லவில்லையே. கிழக்கே போகும்போது பூமியும் அதே திசையில் சுழல்வதால், டோக்கியோ விலகிக்கொண்டே போகிறது. அதனால்தான் நேரம் கூடுகிறது.

வான்நோக்கி: காற்று மண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது என்பது பள்ளிப் பாடம், அதைப் படித்துவிட்டுப் பதில் சொல்வது நல்லது. உலக உருண்டையில் இவ்விரு நகரங்களுக்கிடையே ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். 7,800 கி.மீ. என்பது அந்த நூலின் நீளம். அது பெரும்பாலும் ரஷ்யாவின் மேல்தான் கிடக்கும். ஃபின்லாந்து உட்பட 36 நாடுகளின் விமான நிறுவனங்களுக்கு ரஷ்யா 2022 பிப்ரவரி 28 அன்று வான்வெளியை மூடிவிட்டது. ஜப்பானிய விமானங்களும் அவ்வழியைத் தவிர்க்கின்றன. ஆகவே தெற்கே துருக்கி, ஜார்ஜியா, கஜகஸ்தான், சீனா வழியாகவோ, வடக்கே வட துருவத்தை ஒட்டி அலாஸ்கா பக்கமாகவோ சுற்றித்தான் போக வேண்டும்.

மலைச்சாரல்: அப்படியானால் லண்டனிலிருந்து நியூயார்க் போக ஆகும் நேரத்தைவிடத் திரும்பி வர ஏறத்தாழ ஒரு மணி நேரம் குறைவது ஏன்? அங்கே எந்த வான்வெளியும் மூடப்படவில்லையே.

வான்நோக்கி: சுமார் 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் வேகக்காற்று. சுழற்சியையும் காற்றையும் குழப்ப வேண்டாம்.

நெய்தல்: இக்கேள்விக்கும் அந்தக் காற்றுக்கும் தொடர்பு உண்டு. கிழக்கே போகும்போது அது பின்னாலிருந்து தள்ளுவதால் தெற்கு வழி பயன்படுகிறது. திரும்பும்போது எதிர்க்காற்றைத் தவிர்க்கத் துருவ வழியைத் தேர்ந்தெடுப்பது வழக்கம்.

பழந்தடம்: 1983-இல் ஃபின்லாந்து விமான நிறுவனமான ஃபின்ஏர் இத்தடத்தில் டிசி-10 விமானத்தைக் கொண்டு இடைநில்லாச் சேவையைத் தொடங்கியபோதும், சோவியத் வான்வெளி கிடைக்காமல் வட துருவம் வழியாகவே பறந்தது. அப்போதும் ஏறத்தாழ 13 மணி நேரம்தான்.

மலைச்சாரல்: பூமியின் சுழற்சி இல்லாவிட்டால் அந்தக் காற்றும் இப்படி வீசாது. என் கருத்தை முற்றிலும் தள்ளிவிட முடியாது.

வான்நோக்கி: காற்றின் திசைக்குச் சுழற்சி ஒரு காரணம் என்பது சரி, டோக்கியோ விலகிப் போகிறது என்பது சரியல்ல.

நெய்தல்: கீழ்வானம், நேர விவரம் இன்னும் வரவில்லை. நேரடி விமானம் என்றால் அம்மாவுக்கு நடைபாதையை ஒட்டிய இருக்கையை இப்போதே கேட்டுவிடுங்கள். அவ்வப்போது எழுந்து நடக்கலாம்.

கீழ்வானம்: செப்டம்பர். மாலை 5.45-க்குப் புறப்பாடு, மறுநாள் மதியம் 12.55-க்கு டோக்கியோவின் நரிட்டா விமான நிலையம். நடுவில் நிற்காது. அம்மாவுக்கு ஓர இருக்கை கிடைத்துவிட்டது. நன்றி.

நெய்தல்: ஆறு மணி நேரத்தைக் கழித்தால் 13 மணி 10 நிமிடம். சரியாக இருக்கிறது.