சீலம் இல்லாமல் தியானம் மட்டும் போதுமா?

வழிப்போக்கன்:
தினமும் இருபது நிமிடம் மூச்சைக் கவனிக்கிறேன், மனம் அடங்குகிறது. கொலை, களவு, தவறான காமம், பொய், கள் ஆகிய ஐந்திலிருந்தும் விலகச் சொல்லும் பௌத்தத்தின் பஞ்ச சீலம் எல்லாம் துறவிகளுக்கானது என்பது என் கருத்து. 1979இல் ஜான் கபாட்-ஜின் என்பவர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் நோயாளிகளுக்குத் தியானப் பயிற்சி தொடங்கியபோது சடங்கு, விரதம் எதையும் கேட்கவில்லை. பலன் கிடைத்ததே!

தும்பைப்பூ:
பஞ்ச சீலம் துறவிகளுக்கானது இல்லை, குடும்பத்தில் இருப்பவர்களுக்கு. தேரவாதம் என்ற பௌத்தப் பிரிவின் துறவிகளான பிக்குகளுக்கு 227 விதிகள் தனியாக இருக்கின்றன.

என் கதையைச் சொல்கிறேன். அலுவலகத்தில் நான் செய்த கணக்குப் பிழையை, புதிதாக வேலைக்கு வந்த பெண்ணின் தலையில் கட்டிவிட்டேன். மறுநாளிலிருந்து கண்ணை மூடினால் மூச்சே பிடிபடவில்லை. கணக்குக் கோப்பினை நெஞ்சோடு அணைத்தபடி ஒன்றும் பேசாமல் நின்றாளே, அந்த முகம்தான் வந்தது. பத்தாம் நாள் மேலாளரிடம் போய் உண்மையைச் சொன்னேன். அதற்குப் பிறகுதான் உட்கார முடிந்தது. சீலத்தால் என்ன பயன் என்று சீடர் ஆனந்தர் கேட்டபோது, மனம் உறுத்தாமல் இருப்பது என்றார் புத்தர். அதிலிருந்து மகிழ்ச்சி, அமைதி, அப்புறம்தான் மன ஒருமை.

வழிப்போக்கன்:
அந்த முகத்தை உங்களுக்குக் காட்டியது எது? நீங்கள் உட்கார்ந்ததுதானே! அம்மா போன பிறகு எனக்கு இரவெல்லாம் நெஞ்சு படபடக்கும், தூக்கம் வராது. அப்போது யாராவது “முதலில் ஐந்து சீலம்” என்று சொல்லியிருந்தால் எழுந்து போயிருப்பேன். மூச்சு ஒன்றுதான் கைகொடுத்தது.

தும்பைப்பூ:
அது சரி. சீலத்தை வாசலில் வாங்கும் கட்டணமாக ஆக்கக் கூடாது, ஒப்புக்கொள்கிறேன். பாலியில் அவற்றுக்குப் பெயரே ‘சிக்காபதம்’, பயிற்சிப் படிகள். “கொல்லாதே” என்ற கட்டளை கிடையாது, “உயிரைக் கொல்வதிலிருந்து விலகும் பயிற்சியை ஏற்கிறேன்” என்று நாமே சொல்லிக்கொள்வது. ஆனால் வெறும் கவனத்துக்குத் திசை கிடையாது. பூட்டை உடைப்பவனும் மூச்சடக்கிக் கவனமாகத்தான் இருக்கிறான். புத்தர் சொன்ன எண்வகை மார்க்கத்தில் நற்கடைப்பிடியோடு, அதாவது நல்ல கவனத்தோடு, நல்வாய்மையும் நற்செய்கையும் நல்வாழ்க்கையும் ஏன் சேர்ந்து வருகின்றன?

கல்தச்சன்:
இரண்டையும் பிரித்து வைத்துப் பேசுவதே எனக்கு ஒப்பவில்லை. பாத்திரத்தில் கொஞ்சம் தண்ணீரை மிச்சம் வைத்துத் தன் மகன் ராகுலனிடம் காட்டினார் புத்தர். கூசாமல் பொய் சொல்பவனிடம் துறவு இவ்வளவுதான் என்றார். அதையும் கொட்டினார், கவிழ்த்தார், பிறகு நிமிர்த்தி வெறும் பாத்திரத்தைக் காட்டினார். அடுத்து அவர் சொன்னதுதான் முக்கியம்: செய்வதற்கு முன் பார், செய்யும்போது பார், செய்த பின்னும் பார், எனக்கோ பிறருக்கோ துன்பம் தருமா என்று. இது சீலமா, கவனமா?

மணிமேகலை தீவினை பத்தைப் பிரித்துச் சொல்கிறது. உடம்பில் மூன்று, உள்ளத்தில் மூன்று, சொல்லில் மட்டும் நான்கு: பொய், குறளை, கடுஞ்சொல், பயனில்சொல். எனக்கு அந்த நான்கும் வருவது கைபேசியில்தான். கோபத்தில் தட்டிய பதிலை அனுப்பும் முன் விரல் ஒரு நொடி நிற்குமே, அந்த நொடிக்காகத்தான் காலையில் உட்காருகிறேன்.

வழிப்போக்கன்:
குறளை என்றால் கோள் சொல்வதுதானே? இன்று ஒருவரைப் பற்றி அவருடைய நண்பருக்கு எழுதினேன். எழுதியது அத்தனையும் உண்மை. அதுவும் கணக்கில் வருமா?

கல்தச்சன்:
அவர்கள் பிரிய வேண்டும் என்று நினைத்து எழுதினீர்களா?

வழிப்போக்கன்:
கொஞ்சம், ஆமாம்.