புதுப்பிப்பு: குறிபார்த்துச் சுடவும் வீட்டுப் பாதுகாப்புக்கும் ஒரே பிஸ்டல் போதுமா?

அமெரிக்காவில் முதல் பிஸ்டல் வாங்குபவருக்கு 9 மி.மீ. க்ளாக் 17 ஒன்றே இரண்டுக்கும் போதும் என்று முன்பு எழுதியிருந்தேன். அதைத் திருத்துகிறேன். வீட்டுக்கு அது சரி. காகித இலக்கில் புள்ளி சேர்க்கத்தான் அதன் ட்ரிகர் ஒத்துழைக்காது: சுமார் இரண்டரை கிலோ இழுவை, விசை விடுபடும் இடமும் துல்லியமாகக் கைக்குப் புரியாது. புதிதாகப் பிடிப்பவர் மணிக்கட்டைத் தளர்த்தினால் ஸ்லைடு (சுட்டதும் பின்னுக்கு நகரும் மேல்பகுதி) முழுதாகப் பின்வாங்காமல், சுட்டபின் மிஞ்சும் காலித் தோட்டா வெளியேறும் வாயிலிலேயே செங்குத்தாகச் சிக்கும். பழியோ பிஸ்டல் மேல்!

பழக .22 (சுமார் 0.22 அங்குலச் சிறு தோட்டா சுடும் பிஸ்டல்) தான். ருகர் மார்க் 4 டார்கெட், ஐந்தரை அங்குலக் குழல், 10 தோட்டா. தோட்டா விலையும் குறைவு, உதைப்பும் குறைவு.

தொல்லை மேகசினில், அதாவது தோட்டாக்களை அடுக்கும் பெட்டியில், வரும். .22 தோட்டாவின் அடியில் விளிம்பு உண்டு. மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் அமர வேண்டும். பின்னால் போனால் கொக்கி போல மாட்டிக்கொள்ளும். நிரப்பும்போது மேகசினின் பக்கவாட்டுப் பொத்தானை ஒவ்வொரு தோட்டாவுக்கும் தேவையான அளவே கீழே இழுங்கள். ஒரேயடியாக இழுத்தால் உள்ளே எல்லாம் புரண்டுவிடும்.

இந்த ருகரைச் சுத்தம் செய்து மீண்டும் பொருத்தும்போது ஃபயரிங் பின்னை (தோட்டாவை அடித்து வெடிக்க வைக்கும் கம்பி) அளவுக்கு மீறி முன்னே போகாமல் தடுக்கும் சிறு ஊசியை மறக்காதீர்கள். அது இல்லாமல், தோட்டாவும் இல்லாமல் ட்ரிகரை இழுத்தால் சேம்பரின் (சுடுமுன் தோட்டா அமரும் அறை) ஓரம் அடிபடும், பிறகு காலித் தோட்டா வெளியே வராது.

வீட்டில் எதை வைத்தாலும் பூட்டிய பெட்டிக்குள்தான். மேகசினை எடுத்தபின் ஸ்லைடை (ருகரில் பின்னால் உள்ள போல்ட்டை) இழுத்து, சேம்பரைக் கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பாருங்கள்.